சாயிரா வீட்டுப் பூதம்

காசிம் கப்பலில் வேலை பார்த்தவன். 1985இல் தாராவிக்குத் திரும்பியபோது, மனைவி சாயிராவுக்கு வாசனைச் சோப்புகளோடு ஓர் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தான். மூடியில் நெருப்புக் கக்கும் மிருகம். விளையாட்டுச் சாமான் என்று ஏதோ துறைமுகக் கடையில் சல்லிசாகக் கொடுத்தார்களாம். திறந்தால் உள்ளே ஆடுவதற்குப் பலகையே இல்லை. இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கோணல்மாணலாகச் சில பகடைகளும்தான்.

"நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீங்க மச்சான்" என்றாள் சாயிரா.

அவன் மறுபடி கப்பலேறிய பிறகு, கைப்பைகளுக்கு உள்துணி தைக்கிற நேரம் போக, பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். விஷயம் பிடிபட்டது. இதற்குப் பலகையே வேண்டாம். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் கதைக்குள் ஆளாகி, "நான் இதைச் செய்யுதேன்" என்பார்கள். செய்தது பலித்ததா என்று பகடை சொல்லும். காடும் குகையும் பேயும் பிசாசும் கதை சொல்கிறவள் கையில். இப்படி ஓர் அதிகாரத்தை சாயிராவுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஞாயிறு மத்தியானங்களில் ஆட்டம் களைகட்டியது. பக்கத்து வீட்டுப் பேராச்சி மந்திரக்காரி ஆனாள். அவள் புருஷன் சுயம்பு பஸ் கண்டக்டர், நேர்மையான மனுஷன். திருடனாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தான். பள்ளித் தோழி ஷ்யாமளா மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து வருவாள். முட்டையைக்கூடத் தொடாத அவள்தான் கோடாலியும் கையுமாகக் கண்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்தாள்.

பூதங்களைத் தேடி சாயிரா தூரம் போகவில்லை. ஒரு ஞாயிறு, பாழுங்கிணற்றிலிருந்து ஒன்று எழுந்தது. பெரிய தொந்தி, தோளில் ஈரத்துண்டு, மூச்சுக்கு மூச்சு "லைன்ல நில்லு!" என்ற உறுமல். பேராச்சிக்குச் சிரிப்பில் புரையேறியது. யாரும் கேட்காமலே பொதுக்குழாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு ஒரு குடம் கூட, வேண்டாதவர்களுக்கு ஒரு குடம் குறைய என்று ராஜ்யம் நடத்திவந்த நம்பிராஜனைத் தெரியாதவர்கள் அந்தச் சந்தில் இல்லை.

பேராச்சி வாய் சும்மா இருக்குமா? விஷயம் குழாயடிக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவே, ஈரத்துண்டோடு வாசலில் வந்து நின்றார் நம்பிராஜன்.

"ஏம்மா சாயிரா, என்னைய வச்சு என்னமோ கதை கட்டுதியாமே?"

இனித் தண்ணீர் கிடையாது என்று சாயிரா முடிவே கட்டிவிட்டாள். பொய்யும் வாயில் வரவில்லை. "சும்மா வெளையாட்டு அண்ணாச்சி. நீங்க ஒரு பூதம்."

"அது தெரியும். எப்படிச் சாவுதேன்?"

"ஷ்யாமளா கோடாலியால ஒரே வெட்டு..."

மூக்குக்கண்ணாடியும் ஒற்றைப் பின்னலுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஷ்யாமளாவை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையா? ஒத்தை வெட்டுலயா? கோட்டியா புடிச்சிருக்கு ஒனக்கு? நவுருங்க. பூதத்துக்கு நானே பேசுதேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சம்மணம் போட்டார். அதற்குப் பிறகு அவரை அசைக்க முடியவில்லை. சுயம்பு பின்பக்கமாக ஊர்ந்தால், "எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்குலே" என்றார். பேராச்சியின் மந்திரத்தைப் பகடை கவிழ்த்தது. கோடாலி வழுக்கியது. பூதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டது.

ஷ்யாமளா மெதுவாகக் கேட்டாள். "மாமா, இவ்ளோ பெரிய பூதம் நீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டிருக்காளா?"

பூதம் யோசித்தது. "கேக்கலியே. தண்ணியப் புடிச்சுட்டு சும்மா காலிபீலி ஏசிட்டுல்லா போறானுவ. ஒரு வணக்கம் உண்டா?"

"ராஜ்யமே வணக்கம் சொல்லும். எல்லா ஆத்துக்கும் சமமா தண்ணி விடுங்கோ."

"தந்தேன்!" என்று கையை உயர்த்தினார் நம்பிராஜன்.

"வாக்கு மாறினா பூதத்துக்குத் தலை வெடிச்சிரும் அண்ணாச்சி. பொஸ்தகத்துல போட்டிருக்கு" என்றாள் சாயிரா. புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

மறுநாள் காலை குழாயடியில் பேராச்சி குடத்தை வைத்துவிட்டு, "வணக்கம் பூதராஜா!" என்று உரக்கச் சொன்னாள். பின்னாலிருந்த வரிசை மொத்தமும் அதையே சொன்னது. நம்பிராஜன் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். அன்று ஒருவர் குடமும் குறையவில்லை. அதற்குப் பிறகும் பெரும்பாலும் குறையவில்லை.

சந்தில் சாயிராவின் மதிப்பு ஏறிவிட்டது. மண்ணெண்ணெய்க் கடை கரீம் பாட்சா மட்டும், தன்னை ஏன் இன்னும் பூதமாக்கவில்லை என்று அவளோடு பேசாமல் இருந்தார். வேறு வழியில்லாமல் அவருக்கு இரட்டைத் தலை அரக்கன் வேஷம் கொடுத்தாள். அவர் வந்து உட்கார்ந்து, இரண்டு தலைகளுக்கும் சண்டை மூட்டிவிட்டு, ஆட்டத்தை நாலு வாரம் நகரவிடவில்லை.