உர்பேனின் கால்சட்டைப் பை

மற்ற ஊர்களில் வயிறு நிறைந்தால் சாப்பாடு முடியும். மாடு மேய்க்கும் ஒப்ராக் மலைமேட்டில் வீட்டுப் பெரியவர் தன் மடக்குக்கத்தியை மூடினால்தான் முடியும். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகனோ மருமகளோ வேலையாளோ, வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு எழுந்துவிட வேண்டும். தட்டில் பாதி மிச்சமா? அது உங்கள் பாடு.

நொயெமி பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனால் அவள் அப்பா அசைபோட்டுச் சாப்பிடுகிற மனிதர். வாக்கப்பட்டு வந்த வீட்டிலோ மாமனார், வீடு தீப்பற்றிக்கொண்டதுபோல் தின்றார். முதல் நாள் எல்லோருக்கும் சூப் ஊற்றி, உருளைக்கிழங்கு வைத்து, கடைசியாக அவள் உட்கார்ந்தாள். இரண்டு வாய்கூட ஆகவில்லை, டக். பசியோடு எழுந்து, தன் தட்டையும் சேர்த்துத் தானே கழுவினாள். மெல்லாமல் விழுங்க ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். பசி எதையும் சொல்லிக்கொடுத்துவிடும்.

மாமனார் மண்ணுக்குள் போன பிறகு மேசைத் தலைமாட்டில் அவள் புருஷன் உர்பேன் உட்கார்ந்தான். அவன் மூடியது, பன்னிரண்டு வயதில் அவனுக்கே கிடைத்த கத்தி. கொம்புக் கைப்பிடி, ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் குத்தூசி. காலையில் கால்சட்டையை மாட்டினால் கத்தி வலது பைக்குள் போய்விடும். ரொட்டியின் அடியில் சிலுவைக் கீறல் போடுவது, வைக்கோல் கட்டை அறுப்பது, குளம்பில் சிக்கிய கல்லை நெம்புவது எல்லாம் அதே கத்திதான். ஈரப்புல் தின்று வயிறு உப்பிச் சாகக்கிடந்த பசுவின் விலாவில் அந்தக் குத்தூசியை இறக்கிக் காற்றை வெளியேற்றி, மறுநாளே அதைப் புல்வெளிக்கு ஓட்டியிருக்கிறான். கோயிலுக்கும் கத்தியோடுதான் போவான். கல்யாணத்தன்றுகூட அது பையில் இருந்தது.

“கத்தி இல்லாம வெளிய போறதும் கால்சட்டை இல்லாம வெளிய போறதும் ஒண்ணுதான், புள்ள,” என்பான்.

“கால்சட்டையைத் தைக்கிறவளுக்கில்ல தெரியும் அந்தக் கஷ்டம்,” என்பாள் அவள். கத்தியின் கனத்துக்கு கடையில் தைத்த எந்தப் பையும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. புதுக் கால்சட்டை வந்தால் முதல் வேலையாக வலது பையை வெளியே இழுத்து, சாக்குத் துணியை உள்ளே வைத்து இரட்டைத் தையல் போடுவாள். அவள் தைத்த பை எதுவும் கிழிந்ததில்லை. அது பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனிப்பாக ஒரு சொல் பேசத் தெரியாத மனுஷன் உர்பேன். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் மோதிரம் மாட்டிவிட்டு அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, “செருப்பு கடிக்குதா?” என்பதுதான். அதனால் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு வருஷங்கள் ஆயின. அவன் தலைமாட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் ஒருவேளைகூடப் பசியோடு எழுந்ததில்லை. சந்தேகம் வந்து ஒரு நாள் வேண்டுமென்றே நத்தைபோல் சாப்பிட்டுப் பார்த்தாள். அவன் தட்டு காலி. கத்தி மட்டும் திறந்தே இருந்தது. அலகால் ரொட்டித்தூளைக் குவிப்பதும் கலைப்பதுமாக உட்கார்ந்திருந்தான்.

“என்ன மொதலாளி, கத்திக்கு இன்னும் பசி அடங்கலையா?” என்று கேட்டான் புல்லறுக்க வந்த கூலியாள்.

“புல்லு எங்கயும் ஓடிடாது. உக்காரு.”

அவள் கடைசிக் கவளத்தை விழுங்கி, வாயைத் துடைத்தாள். டக். அவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் மாட்டுத் தொழுவத்தில் தனியாக நின்று அவள் அழுதாள், சந்தோஷத்தில். அவனிடம் அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கத்தில் அடுத்த வேளை சீக்கிரமே மூடியிருப்பான்.

எழுபது தாண்டியதும் உர்பேனின் நினைவு தேயத் தொடங்கியது. முதலில் பசுக்களின் பெயர் போயிற்று, பிறகு கிழமை, பிறகு வீட்டு வழி. கத்தி மட்டும் பழையபடியே பைக்குள் போனது, வந்தது. ஒரு நாள் அந்தி சாயும் நேரம் டவுனிலிருந்து வந்த மகள் ஒதீலைத் தொழுவ வாசலில் பார்த்துவிட்டு, மாடு திருட வந்தவள் என்று கத்தியைத் திறந்துகொண்டு நின்றான். நொயெமி ஓடிவந்து நடுவில் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒதீலின் முகம் வெளுத்த வெளுப்பு அப்படியே இருந்தது.

“இனிமே முடியாதும்மா. முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். அங்க நல்லா பாத்துக்குவாங்க. ஆனா கத்தி கூடாதாம், முன்னாடியே சொல்லிட்டாங்க.”

“அதை யாருடி வாங்குறது அவர்கிட்ட இருந்து?”

இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

கிளம்புகிற காலையில் நொயெமி அவனுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே அவன் கால்சட்டையின் வலது பைக்குள் கைவிட்டாள். தான் வைத்த சாக்குத் துணி விரலில் உரசியது. கத்தியை உருவித் தன் ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். திருடி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கார் மலையிறங்கும்போது அவன் கை பைக்குப் போயிற்று. துழாவியது. மறுபடி துழாவியது.

“புள்ள.”

“சொல்லுங்க.”

“பையில ஓட்டை. கத்தி விழுந்துடுச்சு போல.”

அவன் அவள் முழங்காலைத் தட்டினான்.

“பரவால்ல விடு. நீ நல்லாத்தான் தைச்ச. துணிதான் பழசு.”

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த ஒதீல் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நொயெமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு தையல்கூடப் பிரியவிடாதவள், அந்த ஓட்டையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

இல்லம் சுத்தமான இடம். குறை சொல்வதற்கில்லை. கறியைக் குழந்தைக்குத் தருவதுபோல் நறுக்கியே கொண்டுவந்து வைத்தார்கள். விதி எழுதியவர்களுக்குக் கத்தி என்றால் குத்துவதற்கு என்று மட்டும்தான் தெரியும்போல. முதல் வாரமே அங்கே வேலை பார்க்கிற யமீனா என்ற பெண் போன் செய்தாள்.

“மேடம், ஐயா சாப்பிடுறாரு. ஆனா எழுந்திரிக்க மாட்டேங்குறாரு. மத்தியானம் உக்காந்தவரு ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே நாற்காலிதான். தூக்கினா மேசையைப் பிடிச்சுக்கிறாரு. ‘பெரியவர் இன்னும் முடிக்கல’ங்குறாரு. யாரு மேடம் பெரியவரு?”

நொயெமிக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. கையில் கத்தி இல்லாததால் தான் இப்போது பெரியவன் இல்லை என்று அவன் எண்ணிக்கொண்டான். வேறு யாரோ வீட்டில் விருந்தாளியாகவோ கூலியாகவோ உட்கார்ந்து, யாருடைய கத்தியோ மூடுவதற்குக் காத்திருந்தான். அந்தக் கூடத்தில் ஒருவரிடமும் கத்தி கிடையாது.

மறுநாளிலிருந்து தபால் வண்டியில் இடம் கேட்டு, தினமும் மத்தியானம் அவள் இல்லத்துக்குப் போனாள். கோட்டுப் பையில் அவன் கத்தி. இத்தனை காலம் அவன் சுமந்த கனம் எவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சீக்கிரமே அவள் பையும் நைந்தது. அதற்கும் சாக்குத் துணி வைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மேசை விரிப்புக்கு அடியில் மடிமேல் கத்தியைத் திறந்து வைத்துக்கொள்வாள். காட்ட முடியாது. காட்டினால் இல்லத்தார் பிடுங்கிக்கொள்வார்கள். அதைவிட, கத்தி விழவில்லை, எடுக்கப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோகும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை அவன் தட்டையே பார்த்திருப்பாள். கடைசிக் கரண்டி இறங்கி, அவன் வாயைத் துடைத்ததும், விரிப்புக்கு அடியில், டக். அவன் உடனே எழுந்துவிடுவான். தலைமாட்டில் யாரும் இல்லாத திசையைப் பார்த்து ஒரு தலையசைப்பு, மரியாதையாக. யமீனாவுக்கு எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் அவள் தட்டுகளைச் சத்தமாக அடுக்குவாள், நல்ல பெண்.

பனிக்காலத்தில் அவன் நொயெமியையும் மறந்தான். ‘அம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவன் கரண்டியை எடுக்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் சாப்பிடல?” என்றாள்.

“நீங்க மொதல்ல சாப்பிடுங்கம்மா. அவசரமே இல்ல. நான் காத்திருக்கேன்.”

அவள் முன்னால் தட்டு கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மடியிலிருந்த கத்தியை ஒரு கையால் இறுகப் பற்றினாள். அவன் விரிப்புக்கு அடியில் கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்தான். பிடித்தவன் விரல்கள் கொம்புக் கைப்பிடியைத் தொட்டன. தடவின. ஆளை மறந்தவனுக்கு அந்தக் கைப்பிடியின் கீறல்கள் மறக்கவில்லை. கத்தியை வாங்கிக் கொஞ்சநேரம் கைக்குள் வைத்திருந்தான். எதற்காக எடுத்தாய் என்று கேட்பான் என்று அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

“கிடைச்சிடுச்சா, புள்ள?”

அந்தப் ‘புள்ள’யைக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது.

“கிடைச்சிடுச்சுங்க.”

“நல்லதாப் போச்சு.” அவனே மூடினான். டக். அதை அவள் கோட்டுப் பைக்குள் போட்டு, வெளியிலிருந்து தட்டியும் விட்டான். “நீயே வச்சுக்க. என் பையில ஓட்டை.”

சூப்பைத் தொடாமலே எழுந்து ஜன்னலோரம் போனான். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஓட்டை இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளைப் ‘புள்ள’ என்று அழைக்கவுமில்லை. வசந்தத்தில் பசுக்கள் மேய்ச்சலுக்கு மலையேறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்.

கல்யாணக் கோட்டு சூட்டைத்தான் அவனுக்குப் போடுவது என்று முடிவாயிற்று. உடுத்துவதற்கு முன் நொயெமி கால்சட்டையை மடியில் போட்டு, வலது பையை வெளியே இழுத்து, ஊசியில் நூல் கோத்தாள்.

“ஓட்டையே இல்லையேம்மா,” என்றாள் ஒதீல்.

“தெரியும்.”

“அப்புறம் எதுக்குத் தைக்கிற?”

“அவருக்குத் தெரியாதுல்ல.”

இரட்டைத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தியைப் பைக்குள் இறக்கினாள். வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினாள். “பையைத் தைச்சுட்டேன். இனிமே விழாது,” என்றாள் அவனிடம்.

அடக்கம் முடிந்து திரும்பி அம்மாவும் மகளும் மேசையில் உட்கார்ந்தார்கள். சூப், ரொட்டி, சீஸ். இரண்டு தட்டும் காலியாயின. ஒதீல் பாத்திரங்களை எடுத்துக் கழுவப் போட்டாள். நொயெமி அசையவில்லை. தலைமாட்டு நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, சாப்பிட்டாச்சுல்ல. எழுந்திரு.”

“எழுந்திரிக்கிறேன்டி,” என்றாள். விளக்கு வைக்கிற நேரம்வரை அப்படியேதான் இருந்தாள்.