அண்ணா இறங்கி நின்ற பேருந்து

எனக்குக் கிரேக்கர்களைப் பிடித்ததற்குக் காரணம் அவர்களுடைய தத்துவம் அல்ல, இரத்தம். தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், பலெர்மோவில் உயர்பள்ளி மாணவியாக இருந்தேன். வுச்சீரியாச் சந்தைக்கு மேலே இரண்டு அறைகளில் அம்மா, அண்ணா, நான். கீழே மீன்காரன் வாள்மீனின் தலையை அறுத்துக்கொண்டிருப்பான். மேலே நான் யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்று பாடமாக்கிக்கொண்டிருப்பேன். "என்ரை மகள் சரியான சாது" என்று லிபெர்த்தாத் தெருவில் தான் வேலைசெய்யும் வீட்டின் எசமானி சின்யோராவிடம் அம்மா பெருமை அடிப்பாராம். நானாவது, சாதுவாவது!

பள்ளியில் ஒரு பயணப் பாடம் வைத்தார்கள். முதல் நாள் பலெர்மோ அருங்காட்சியகம். அடுத்த இரண்டு நாள் தெற்குக் கரையில் செலினுந்தே என்ற அழிந்துபோன கிரேக்க நகரம். போகாவிட்டால் புள்ளி இல்லை. அம்மா ஒரே பிடியில் நின்றார்.

"பெடியளோடை ரெண்டு நாள் தனியப் போறதோ? அண்ணா கூட வந்தால் போ. இல்லாட்டிப் புத்தகத்தை மூடு."

அண்ணாவுக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தில் இரண்டு முறை இராணுவம் பிடித்து, இரண்டு முறையும் அடித்துப் போகவிட்ட பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர். பொலிதேயாமாப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதி அவருக்குக் கிடையாது. பிடிபட்டால் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கதை முடிந்தது. மாஃபியா நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்றிருந்த காலம் அது. தெருவுக்குத் தெரு துவக்குடன் இராணுவம் நின்றது.

"றோட்டெல்லாம் ஆமி நிக்கிது, பிள்ளை" என்றார் அண்ணா.

"அவங்கள் உங்களையே தேடுறாங்கள்? எனக்காக வாங்கோ, அண்ணா."

எனக்காக என்றால் அவர் மறுக்கமாட்டார். அது தெரிந்துதான் கேட்டேன். ஆசிரியையிடம் அவரை என் அண்ணா என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் காவலுக்கு அண்ணாவைக் கூட்டிப்போகிறவள் என்று வகுப்பே சிரிக்கும். எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர், சாப்பாடு கொடுத்தால் போதும், பெட்டி தூக்குவார் என்றேன். அண்ணாவிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். அவர் ஓம் என்றார், அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்தில் செலினுந்தேக் கோவில்களின் சிற்பங்கள் இருந்தன. ஒருவனை அவனுடைய நாய்களே கடித்துக் குதறின. ஒரு வீரன் சிரித்த முகத்துடன் ஓர் அரக்கியின் கழுத்தை அறுத்தான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பைகளைச் சுமந்தபடி அண்ணா பின்னால் வந்து நின்றார்.

"இப்பிடி நேரை நிண்டு அறுக்கேலாது" என்றார் மெதுவாக. "பின்னாலை நிண்டு, தலைமயிரைப் பிடிச்சு இழுத்துத்தான் அறுப்பாங்கள்."

எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல குறிப்பு என்று நினைத்தேன். அப்படிப்பட்டவள் நான்.

மறுநாள் காலை பேருந்து நகரத்தைத் தாண்டும் இடத்தில் இராணுவம் மறித்தது. பெரிய விஷயமில்லை. சாரதியின் தாளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பாட்டைக்கூட நிறுத்தவில்லை. கடைசி இருக்கையிலிருந்து அண்ணா எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. பின்கதவைத் திறந்து இறங்கினார். எங்கள் ஊரில் ஆமி பஸ்ஸை மறித்தால் எல்லாரும் இறங்கி வரிசையாக நிற்க வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அவர் சட்டையைக் கழற்றிக் காலடியில் போட்டார், கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்தார், பேருந்தை ஒட்டித் தனியாக, ஒரு வரிசையில் நிற்பதுபோல நின்றார். முதுகு முழுக்கத் தழும்பு.

வகுப்பு ஜன்னல்களில் தொங்கிச் சிரித்தது. சட்டையில்லாத கறுப்பு மனிதன் ஒருவன் பின்பக்கத்தால் வந்து நிற்பதைக் கண்ட இளம் சிப்பாய் வெருண்டுபோனான். கத்தினான். அண்ணாவுக்கு விளங்கவில்லை, ஊர் வழக்கப்படி குனிந்து முழங்காலில் இருக்கப் போனார். அந்த அசைவு போதும். துவக்குப் பிடி முகத்தில் இறங்கியது. தாரில் விழுந்தவரின் முதுகில் முழங்காலை ஊன்றினான். வாயிலிருந்து வந்த இரத்தம் தாரில் பரவியது. சிரிப்பு நின்றது.

ஓர் அதிகாரி அவரை எழுப்பி, முன்கதவுக்குக் கொண்டுவந்து, இவன் யாருடைய ஆள் என்று கேட்டான். ஆசிரியை என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் அண்ணா உடைந்த இத்தாலியனில் சொன்னார், "ஒருத்தரையும் தெரியாது." அடித்துக் கேட்டாலும் தன் ஆட்களைச் சொல்லக்கூடாது என்பது அவர் கற்ற பாடம்.

அதற்குப் பிறகாவது நான் எழுந்திருக்கலாம். என்னுடைய பெர்மெஸோ புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடந்தது. பயம். அதைவிட வெட்கம். உண்மையைச் சொல்வதென்றால் வெட்கம்தான் கூட.

"தெருவில் கண்டிருக்கிறேன்" என்றேன்.

ஊரில் முகமூடி போட்டு ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம். அவனுக்காவது முகத்தை மறைக்கும் அளவுக்கு வெட்கம் இருந்தது.

பேருந்து போனது. நானும் போனேன். செலினுந்தேயில் தூண்கள் குப்புற விழுந்து கிடந்தன. நகரம் வீழ்ந்த நாளில் வெட்டிய கைகளைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரிப் படைவீரர்கள் திரிந்தார்கள் என்று ஆசிரியை சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். நானும் எழுதினேன், ஒரு சொல் விடாமல்.

வீடு திரும்பியபோது அண்ணா சமையலறையில் இருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மேசையில் கடிதம்: பதினைந்து நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அம்மா அகப்பையை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதில்.

"உனக்கு அவங்கடை பாஷை தெரியும்! வாயிலை என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனி? என்ரை அண்ணா எண்டு ஒரு சொல்லுச் சொல்லேலாதோ?"

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை அண்ணா பிடித்துக்கொண்டார். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன.

"அடியாதேங்கோ, அம்மா. அவள் பாவம், பஸ்ஸிலை நல்ல நித்திரை. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

அம்மா அதை நம்பி அகப்பையைக் கீழே போட்டார். மிச்ச அடியையாவது அவர் என்னை வாங்க விட்டிருக்கலாம்.