எரியாத விளக்கின் கணக்கு

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ‘பில் அக்கா’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எந்தக் கட்டடத்தின் மின்சார பில்லும் அவள் மேசையைத் தொடாமல் மேலே போகாது. வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், அவள் தொண்டையைச் செருமும்போதே புருஷன் ஓடிப் போய் அணைத்துவிடுவான்.

விளக்கு மாற்றும் திட்டம் அவள் கொடுத்த யோசனைதான். நிர்வாகம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கும். அதிலிருந்து ஒரு கட்டடத்தின் பழைய ட்யூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுவார்கள். பில்லில் மிச்சமாகிற பணம் அந்த நிதிக்கே திரும்பி வரும். அதைக்கொண்டு அடுத்த கட்டடம். நிதி அலுவலர் அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

“முதல் கட்டடத்துல போட்டது திரும்பி வரலைன்னா அதோட கடையைக் கட்டிடுவோம். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

முதலில் நூலகம். அடுத்து, தேர்வுப் பிரிவின் நிலவறை. அந்த நிலவறையில்தான் அவள் நாத்தனார் வேலை பார்த்தாள். விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து எண் சரிபார்க்கிற வேலை. மருந்துக்குக்கூட ஜன்னல் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டே வருவாள். “வெளிச்சத்தை மாத்துங்க, இல்லேன்னா வேலையை மாத்துங்க” என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவது சின்ன விஷயமில்லை. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள், யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது அந்தச் சம்பளத்தால்தான்.

“அண்ணி, எங்க பாதாளத்துக்கு எப்ப விடியும்?” சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் தினமும் இதே கேள்வி.

“நூலக பில் வரட்டும்மா. வந்த கையோட உன்னோடதுதான்.”

பில் வந்தது. பில் அக்கா அதை இரண்டு முறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். பழைய பில்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அன்று பிற்பகல் விளக்குத் திட்டத்தின் கமிட்டி கூட்டம். எலெக்ட்ரீஷியனைக் கையோடு இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள்.

உள்ளே ஜெகஜ்ஜோதியாக இருந்தது. மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம்.

“எல்லாம் நல்லாத்தானே எரியுது? பின்ன ஏன் குறையல?”

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். “அதான்க்கா விஷயமே. இப்ப எல்லாம் எரியுது. முன்னாடி பாதிதான் எரிஞ்சுது.”

“பாதியா? நான் மொத்த லைட்டுக்கும்ல கணக்குப் போட்டிருக்கேன்!”

“நீங்க மாட்டியிருந்ததை எண்ணுனீங்க. எரிஞ்சதை எண்ணல.”

“பாதி அவிஞ்சு போற வரைக்கும் நீங்கள்லாம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“எல்.இ.டி. லிஸ்ட்டுல ஒரு கட்டடத்தோட பேர் ஏறிட்டா பழசை மாத்தறதை நிறுத்திடுவோம்க்கா. எப்படியும் புதுசு வரப்போகுது, எதுக்கு ஒரு ட்யூபை வீணாக்கணும்னு. நீங்கதானே சிக்கனம் சிக்கனம்னு உயிரை வாங்குவீங்க?”

அவளுக்குச் சட்டென்று நிலவறை ஞாபகம் வந்தது. “அப்போ கீழ, தேர்வுப் பிரிவுல?”

“அங்கயும் அதே கதைதான். முக்கால்வாசி போச்சு.”

எந்தப் பட்டியலில் சேர்த்து நாத்தனாருக்கு நல்லது செய்ததாக நினைத்தாளோ, அதுவே அவள் தலைக்கு மேலிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அவித்திருக்கிறது. பில் அக்கா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எலெக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினான். “ஒரு வழி இருக்குக்கா. பில்லு லேட்டுன்னு ஒரு மாசம் இழுங்க. அதுவரைக்கும் இங்க வரிசை விட்டு வரிசை நான் அணைச்சு வைக்கறேன். பில்லு தானா இறங்கும். உங்க நாத்தனாருக்கும் புது லைட் வந்துடும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

எதிர் மேசையில் ஒரு பெண் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மேலே இருந்த விளக்கு அணைக்கிற வரிசையில் வருமா என்று பில் அக்காவின் கண் தானாகக் கணக்குப் போட்டது. எழுந்துவிட்டாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தது. எதையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தாள்: பில் குறையவில்லை, அவிந்து கிடந்த விளக்குகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டது தன் தப்பு.

நிதி அலுவலர் பேனாவை மூடினார். “அப்போ கடையைக் கட்டிடலாமா?”

“வேண்டாம் சார். எரியற இடமாப் பார்த்துப் போட்டா பணம் கண்டிப்பா திரும்பி வரும்.”

“எங்க எரியுது?”

“கார் நிறுத்தற இடத்துல. ராத்திரி பூரா எரியுது.”

“அப்போ அடுத்தது அதுதான். இதுவும் சொதப்பினா நானே பூட்டுப் போடுவேன். நிலவறை?”

“எரியாத லைட்டுல மிச்சம் பிடிக்க ஒண்ணுமில்ல சார். லிஸ்ட்டுலேருந்தே அதை எடுத்துடுங்க. இப்பவே எழுதிக்குங்க, என் கண்ணு முன்னாடி.”

“போன கூட்டத்துல அதுக்காக நீங்கதானேம்மா சண்டை போட்டீங்க?”

“போட்டேன் சார். லிஸ்ட்டுல இருக்கறவரைக்கும் அங்க ஒரு ட்யூபைக்கூட மாத்தமாட்டாங்க.”

மறுநாள் நாத்தனார் வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்குள் வந்தாள். பையை வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“என்ன அண்ணி இது? புதுசு புதுசுன்னு ஆசை காட்டிட்டு, பழைய மாதிரி ட்யூபையே மாட்டிட்டுப் போயிருக்காங்க. ஒண்ணு வண்டு மாதிரி கொய்யுன்னு கத்துது.”

“புதுசு இப்போதைக்கு இல்லம்மா. எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.” பில் அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். நூலகத்தில் எலெக்ட்ரீஷியன் காட்டிய வழியைக்கூட மறைக்கவில்லை. பிறகு கேட்டாள்: “கண்ணு எப்படி இருக்கு?”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “விடைத்தாள்ல எண்ணு தெரியுது” என்றாள்.

தட்டுப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் நாத்தனார் நிமிர்ந்தாள்.

“எல்லாம் எரிஞ்சா எங்க பில் ஏறும்ல?”

“ஏறும். மேல கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கறேன்.”

“நல்லா ஏறட்டும். எரியற இடம்னு நாங்களும் கணக்குல வரணும்ல?” என்று சொல்லிவிட்டு, குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நெற்றியைப் பிடிக்கும் கை அன்று தட்டில்தான் இருந்தது.