மைன்ஸ் டைட்

1. ஸ்பேனர் தனியாகச் சுற்றியது

ஸ்பேனரைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தேன். கையில் ‘டக்’ என்று ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்பேனர் மோருக்குள் மத்து சுற்றுவதுபோலச் சுற்றியது. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் மெக்கானிக்கல் செக்‌ஷனில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன் நான். அந்த டக்குக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக் உட்காரும் அலுமினிய ஹெட்டில் த்ரெட், அதாவது மரை, போய்விட்டது.

என் வண்டியாக இருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். வண்டி ஆரோக்கியசாமியுடையது. என் செக்‌ஷனில் ஃபிட்டராக இருந்தவர், எனக்கு இரண்டு வருஷம் கழித்து ரிட்டயர் ஆனவர். அவருடைய மச்சான் காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக் கொட்டகையில் ஓர் இரட்டை சைலன்சர் மோட்டார் சைக்கிளைப் போட்டு வைத்திருந்தார். தானே புயலில் கொட்டகைமேல் பலாமரம் சாய்ந்தது. மரத்தை அறுத்து எடுத்தபோது அடியில் வண்டி நசுங்கிக் கிடந்தது. எடைக்குப் போக இருந்ததை ஆரோக்கியசாமி தன் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கொண்டுவந்து இறக்கினார். ரிட்டயர் ஆன மறுவாரமே பிரித்துப் போட்டார். எட்டு மாதம் ஆனது. டேங்க் ஒடுக்கெடுத்து, ஃபோர்க் நிமிர்த்தி, ஒவ்வொரு ஸ்போக்காக மாட்டினார். நான் வடக்குத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் உதவி செய்வேன். உதவி என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ரிட்டயர் ஆனவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துதானே ஆக வேண்டும். சாவி ஒப்படைக்க இன்னும் ஆறு நாள். நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு பார்த்திருந்தார்கள். அவர் மனைவி பிலோமினா அம்மா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஓட்டிகினு வந்தா வரட்டும் அண்ணே. லாரியில ஏத்திகினு வர்ற மாதிரி இருந்தா காயலான் கடைதான். மாடி வூட்டுல பொணத்த எங்க வெக்கிறது?”

நியாயமான பேச்சு. ஆரோக்கியசாமியும் ஒப்புக்கொண்டிருந்தார். பிளக் மாட்டி முதல் கிக் அடிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவர் காபி குடிக்க உள்ளே போன நேரத்தில், நான் பெரிய மனுஷன்போல ஸ்பேனரை எடுத்தேன்.

2. அந்த வார்த்தையும் இன்னொரு வார்த்தையும்

‘மைன்ஸ் டைட்’ என்று எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே அதைக் காதில் ஏற்றிவிடுவார்கள். ஓடுகிற பெல்ட்டில் ஒரு போல்ட் விழுந்தால் போதும், பெல்ட்டை நீளவாக்கில் கிழித்துவிடும். அதனால் எந்த போல்ட்டாக இருந்தாலும் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, இனி நகராது என்று தெரிந்த பிறகும் இன்னோர் இழுப்பு. என்னுடைய முதல் ஃபோர்மேன் பக்கத்தில் நின்று கத்துவார்: “சோறு தின்னியா இல்லையா? உடம்பை வெச்சு இழுடா.” அந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிடும். டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாயையும் ஊறுகாய் பாட்டிலையும் நாங்களேதான் திறக்க வேண்டும்.

இன்னொரு வார்த்தை ‘ஓகே’. ஷிப்ட் முடிந்ததும் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஷிப்ட்காரர் அதை நம்பி மிஷினை ஓட்டுவார். வேலை செய்த நாள் வேலை செய்யாத நாள் எல்லாவற்றுக்கும் நான் ஓகே எழுதியிருக்கிறேன். ஒருமுறை பெல்ட்டை இழுத்து ஓட்டும் டிரைவ் ஹெட்டுக்கு ஓகே எழுதி ஒப்படைத்தேன். அடுத்த ஷிப்ட்டில் வந்தவர் ஆரோக்கியசாமி.

டிரைவ் ஹெட் பக்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அவர் ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையை பேரிங் ஹவுசிங்மேல் வைத்து, மறு முனையைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு நேராகப் போய் பெல்ட்டை நிறுத்திவிட்டார். எஞ்சினியர் ஜீப்பில் பறந்து வந்தார். விஷயம் தெரிந்து நானும் பாதி வழியில் திரும்பி ஓடினேன்.

“யாருய்யா பெல்ட்டை நிறுத்தினது? லாக் புக்ல ஓகேன்னு இருக்குல்ல?”

“லாக் புக்கு ஓகேதான் சார். பேரிங்குதான் ஓகே இல்ல.”

பிரித்துப் பார்த்தால் உள்ளே ரோலர்கள் பொடியாகிக் கிடந்தன. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இப்போது அவருக்குக் காது ஏறக்குறைய போய்விட்டது. கருவி வைத்துக்கொண்டால் கொஞ்சம் கேட்கும். ஆனால் அந்தக் கையும் அந்த எலும்பும் அப்படியே இருந்தன. அவரைப்போல ஒரு வேலைக்காரரை நான் பார்த்ததில்லை.

3. ரிமார்க்ஸ்

மோட்டார் சைக்கிளுக்கும் அவர் லாக் புக் போட்டிருந்தார். கோடு போட்ட நீள நோட்டு. தேதி, வேலை, செய்தவர், ரிமார்க்ஸ். அன்றைக்கு அவர் காபியோடு வெளியே வருவதற்குள் நான் ‘பிளக் மாட்டியது. செய்தவர்: மாரியப்பன். ஓகே’ என்று எழுதிவிட்டேன். பேங்குக்குப் போகணும் என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அறுபது வயசு தாண்டியவன் செய்கிற காரியமா இது? நாளைக்கு அவர் ஆசையாகக் கிக் அடிப்பார், பிளக் பிய்த்துக்கொண்டு வரும், எட்டு மாத உழைப்பு எடைக்குப் போகும். வீட்டில் இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாமி, பிளக் த்ரெட் போச்சு. நான்தான்.”

“இன்னா?”

“த்ரெட் போச்சு. நேத்து நான் இழுத்ததுல.”

“கேக்கல. சத்தமா சொல்லுங்க போர்மேன் சார்.”

தொண்டையைத் திறந்தேன். “பிளக் த்ரெட்டை நான்தான் கெடுத்தேன். லாக் புக்ல ஓகேன்னு பொய் எழுதிட்டு ஓடிப்போயிட்டேன்.”

எதிர் குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து பிலோமினா அம்மாவின் குரல் வந்தது.

“அவருக்கு நேத்தே தெரியும் அண்ணே. விரல வெச்சிப் பாத்தாரு, பிளக்கு ஆடிச்சு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு காலையிலருந்து பாத்துகினு இருக்காரு. காதுல இருந்ததக்கூட இப்பதான் கழட்டி ஜோபில போட்டுகினாரு.”

ஆரோக்கியசாமி சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துச் சாவகாசமாக மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்குவது நன்றாகத் தெரிந்தது.

“எழுதினத அடிச்சிட்டு சரியா எழுதுங்க. அப்பறம் ஹெட்ட கழட்டுவம்.”

4. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே

அந்தப் பழைய வண்டிக்கு வேறு ஹெட் ஐந்து நாளில் கிடைக்காது. இருந்த ஹெட்டிலேயே ஓட்டையைப் பெரிதாக்கி, புது த்ரெட் வெட்டி, உள்ளே மரை வெட்டிய சின்னக் குழாய்போல ஒரு புஷ் இறக்க வேண்டும். அதற்குள்தான் பிளக் உட்காரும். வடலூர் லேத் பட்டறையில் நின்று நான் புஷ் கடைந்து வாங்கி வந்தேன். த்ரெட் வெட்டுவது அவர் வேலை. மரை வெட்டும் டேப் துளி சாய்ந்தாலும் ஹெட் வீண், வண்டி காயலான் கடைக்குத்தான்.

ஹெட்டை வைஸில் கட்டி, டேப்பில் மண்ணெண்ணெய் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்பினார். கண் டேப்பில் இல்லை, மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்தான் பார்த்தது. ஒரு காலைநேரம் முழுக்க அப்படியே நின்றார். முடிந்ததும் புஷ்ஷை வெறும் விரலால் திருப்பினார். அது கடைசிவரை அலுங்காமல் இறங்கியது. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

5. கால் சுற்று

காலி செய்யும் நாள் காலையில் லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டன. சாவி வாங்க ஆபீஸிலிருந்து ஆள் வந்து நின்றார். ஆரோக்கியசாமி புது பிளக்கையும் ஸ்பேனரையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீங்க மாட்டுங்க.”

“வேண்டாம் சாமி. என் கையை நம்பாதீங்க.”

“கைல ஒண்ணும் கோளாறு இல்ல சார். நிறுத்தத்தான் யாரும் நமக்குச் சொல்லிக் குடுக்கல.”

விரலால் முழுவதும் திருப்பினேன். பிறகு ஸ்பேனர். கால் சுற்று. இன்னும் இழு, இன்னும் இழு என்று தோள்பட்டை கெஞ்சியது. கையை எடுத்துவிட்டேன். அவர் பிளக்கைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் கிக்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கிக்கில் இருமியது. மூன்றாவதில் இரண்டு சைலன்சரும் நீலப்புகை கக்கின. அவர் உள்ளங்கையை டேங்க்மேல் வைத்துக்கொண்டு கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினார், துடிப்பு சீராகும்வரை. பிலோமினா அம்மா புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். லாரிக்காரர் முன்னே போனார்.

கிளம்பும்போது ஆரோக்கியசாமி லாக் புக்கை என்னிடம் நீட்டினார். அன்றைய வரியில் ரிமார்க்ஸ் காலியாக இருந்தது.

“இப்ப எழுதாதீங்க. பண்ருட்டி தாண்டி நெல்லிக்குப்பம் போயி போன் பண்றம். அப்பறம் எழுதுங்க.”

இப்போது வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். டைட் பண்ண எல்லாரும் சொல்லித் தருவார்கள், நிறுத்துவதை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். மிஷின் ஓடிப் பார்க்காமல் லாக் புக்கில் அந்த வார்த்தையை எழுதாதீர்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டையும் போனையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் மணி அடித்தது. பேசியது பிலோமினா அம்மா.

“வந்து சேந்துட்டம் அண்ணே. வழியில எங்கயும் நிக்கல. இவரு கேக்கச் சொல்றாரு, எழுதிட்டீங்களான்னு.”

“இப்பத்தான்மா எழுதறேன்” என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.