மகள் தரையில் தூவிய பூக்கள்

என் மகளின் முதல் கலைக் கண்காட்சியை நினைத்தால் இன்னும் படபடக்கிறது. ஆரோவில் பக்கம் ஒரு கூடத்தில் நடந்தது. மரக்காணத்திலிருந்து சீக்கிரமே போய்விட்டேன். மகள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே, ஓரங்களில் மட்டும் இடம் விட்டு, வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை சாமந்தியும் ரோஜா இதழ்களும் தூவிக் கிடந்தன. எங்கள் ஊர் உப்பளத்து நீரில் ஊறிக் காய்ந்ததால் அவற்றின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

எங்கள் ஊரில் சாவு ஊர்வலம் போன தெருதான் இப்படிக் கிடக்கும். தனியாகத் தங்கிப் படிக்கிற பெண். சில மாதங்களாக என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. என்ன நினைப்பில் இதைச் செய்தாள்? மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

பாதிக் கூடம் காலியானபோது மகள் வந்துவிட்டாள்.

"ஐயோ, இன்னாம்மா பண்ற? அதாம்மா என் ஒர்க்கு!"

"சாவுப் பூவ எதுக்குடி போட்ட? நீ நல்லாத்தானே இருக்க?"

என்னையே பார்த்தவள் சிரித்துவிட்டாள். "நல்லாத்தாம்மா இருக்கேன். ரோட்டுல இந்தப் பூவப் பார்த்தா, செத்தது யாருன்னே தெரியாம ஒதுங்கிப் போறோம்ல? இங்க யாரு ஒதுங்குறாங்க, யாரு மிதிக்கிறாங்கன்னு பார்க்கணும். அதான்."

இருவருமாக மறுபடி தூவினோம்.

கதவு திறந்ததும் ஒரு வெளிநாட்டுக்காரர் பூக்களின் நடுவிலேயே நடந்தார், உப்பு நொறுங்கியது. அடுத்து வந்த எங்கள் ஊர் அம்மா ஒருவர், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரோரமாகவே போனார். மகள் என் கையை அழுத்தினாள்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் அடுத்து வருபவர் காலை எங்கே வைக்கிறார் என்று அவளோடு நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.