பூட்ஸ் என்பது காலா, செருப்பா?

போன வெள்ளிக்கிழமை காரைக்குடியில் ஒரு கிரகப்பிரவேசம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வீட்டுக்கார நண்பர் கைகூப்பி வரவேற்றார்.

"வாங்கண்ணே, வாங்க. செருப்பை இங்குட்டே விட்டுட்டு..." என்று ஆரம்பித்தவர், பூட்ஸ் மாட்டிய என் இடது காலைப் பார்த்தார். "இல்ல, நீங்க அப்படியே... இல்லண்ணே, உங்களுக்கு எது தோதோ..."

பாவம், மனிதருக்கு வியர்த்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன? நானே இந்த விஷயத்தில் பதினோரு வயதிலிருந்து குழம்பிக்கொண்டிருப்பவன்தானே!

என் இடது கால் வழக்கமான வாசகர்களுக்கு அறிமுகமானதுதான். புதிதாக வந்தவர்களுக்கு: மூன்று வயதில் போலியோ வந்து அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனது. ஐந்தாம் வகுப்புவரை கவலையில்லை. பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியில். என் அப்பா, அதாவது அப்பச்சி, தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார். அரிசி மூட்டை இறக்குகிற மாதிரி.

ஆறாம் வகுப்புக்கு ஹைஸ்கூல் போக வேண்டும். அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. ஹெட்மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தினம் தூக்கிட்டு வந்து இறக்குறதெல்லாம் இங்கே நடக்காது. ஜூன்ல பையன் தானா நடந்து வகுப்புக்குள்ளே வரட்டும், சேர்த்துக்கிறேன். இல்லேன்னா..."

இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? அத்தோடு என் படிப்பு முடிந்தது என்றுதான் அர்த்தம்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புதுப் பை, புது நோட்டு வாங்கிய அந்த மே மாதத்தில், எனக்கு மதுரையிலிருந்து ஒரு பூட்ஸ் வந்தது. அதன் இருபுறமும் தொடைவரை ஏறும் இரும்புக் கம்பிகள், கட்டிக்கொள்ளத் தோல் வார்கள். "தினமும் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் நடந்து பழகணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்குள்ளேயா? அங்கேதான் வந்தது வினை.

"செருப்பு வீட்டுக்குள்ள வரப்படாது" என்றாள் ஆத்தா. என் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

"அது செருப்பு இல்லை விசாலாட்சி, அவன் காலு" என்றார் அப்பச்சி.

"என்ன பேசுறீக? தோலு இருக்கு, வாரு இருக்கு, அடியில லாடம் இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு சாமி அறையைத் தாண்டிப் போவானாக்கும்?"

பூட்ஸ் வாசலில் அப்பச்சியின் செருப்புக்குத் துணையாக நின்றது. நான் தெருவில் நடந்து பழகினேன். மே மாத வெயிலில் அந்தக் கம்பிகள் தோசைக்கல்லாகக் காயும். பத்தடி போவதற்குள் தொடை சுர்ரென்று...

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆத்தாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய பட்டு வேட்டியைக் கிழித்து பூட்ஸுக்கு ஓர் உறை தைத்தாள். செருப்பும் தரையில் படாது, பிள்ளையும் நடந்து பழகலாம். ஆகா!

ஆனால் எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படியொரு வழவழப்பு. முதல் அடியை நான் எடுத்து வைத்தேன். இரண்டாவது அடி தானாகவே போனது. கூடவே நானும் போனேன். முற்றத்துத் தூணில் நெற்றி மோதியபிறகுதான் இருவரும் நின்றோம்.

ஆத்தா ஓடி வந்தாள். என் நெற்றிப் புடைப்பைத் தடவினாள். பிறகு பூட்ஸை மடியில் தூக்கி வைத்து, உறையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ஆமாம், பல்லால்தான்!

"நட. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும்தான். அப்புறம் தெருப் புழுதியோட உள்ள வந்தே... தெரியும் சேதி."

நடந்தேன். விழுந்தேன். நடந்தேன்.

ஜூன் வந்தது. பள்ளிக்கூட கேட்டிலிருந்து வகுப்பு வாசல்வரை தனியாக நடந்துவிட்டேன். ராஜநடை! வாசலில் பார்த்தால், வரிசையாகச் செருப்புகள். "எல்லாரும் செருப்பை வெளியே விட்டுட்டு வாங்கடா" என்றார் வாத்தியார்.

வளர்ப்பு அப்படி. படியில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்து, பூட்ஸை வரிசையில் நிறுத்திவிட்டு, தவழ்ந்து உள்ளே போனேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது... 'நடந்து' வகுப்புக்குள் வர வேண்டும் என்றல்லவா சொன்னார்!

சற்று நேரத்தில் ஹெட்மாஸ்டர் வந்தார். கையில் என் பூட்ஸ்.

"யாருடா அது, காலை வாசல்ல விட்டுட்டு உள்ளே உக்காந்திருக்கிறவன்?"

வகுப்பே சிரித்தது. சுவரைப் பிடித்து எழுந்தேன். "செருப்புன்னு... ஆத்தா சொன்னாக சார்."

அவர் பூட்ஸை வாத்தியாரின் மேஜைமேல், வருகைப் பதிவேட்டின் மேலேயே வைத்தார். சிரிப்பு நின்றுபோனது.

"கேட்லேருந்து இதுலதானே நடந்து வந்தே? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா சார்."

"அப்ப இது கால்தான். மாட்டு. வெளியே போய் மறுபடி நடந்து வா."

மாட்டினேன். வெளியே போனேன். உள்ளே வந்தேன். பதிவேட்டில் ஒட்டியிருந்த மண்ணைக் கையாலேயே தட்டிவிட்டு, அவரே என் பெயரை எழுதினார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். "ஆத்தா! ஹெட்மாஸ்டரே சொல்லிட்டாக. இது செருப்பு இல்லையாம், காலாம்!"

ஆத்தா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"அப்படியா? காலுன்னா கழுவிட்டு உள்ள வா."

கழுவினேன். தினமும் கழுவினேன். கம்பி துருப்பிடித்ததுதான் மிச்சம். அது காலா, செருப்பா என்று எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த நண்பர் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாரே... நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"தம்பி, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?"