வாசுகி திருப்பிப் பார்த்த கடிதம்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, குளுவாங் நகரக் கடைத்தெரு மாடியில் இருக்கும் அந்த வழக்கறிஞர் அலுவலகத்தில், வாசுகியின் மேசைமேல் ஒரு வெள்ளை உறை கிடந்தது. பிரித்தாள். பதினாறு வருஷமாக எதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாளோ அது உள்ளே இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவளை பார்ட்னராகச் சேர்த்துக்கொள்கிறார்களாம். சம்மதமானால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கீழே முதலாளி சதாசிவத்தின் கையெழுத்து.

வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். வாசுகி கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டு வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று துழாவினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ரயில் பாதை பராமரிப்பு வேலை பார்த்த ஒருவருக்கு மூன்றாவது மகளாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, கடன் உதவியில் சட்டம் முடித்து இந்த அலுவலகத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அப்போது அவள் யாரையும் நம்பக்கூடியவள்தான். ஐந்து வருஷம் கழித்து, எட்டு மாதக் கர்ப்பத்தோடு சதாசிவத்தின் அறைக்குப் போய் பார்ட்னர் பதவியைப் பற்றிக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயித்துல புள்ளையோட எதுக்கும்மா இந்த அலைச்சல்? பொறகு பாப்போம்லா."

பிறகு என்பது 2019இல் வந்தது. அந்த வருஷம் பார்ட்னராக ஆனது ரேமண்ட். பத்திரம் எப்படி எழுதுவது என்று அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டானே, அதே ரேமண்ட். "அவனுக்குக் கிளையண்ட் பழக்கம் ஜாஸ்திம்மா. ஒனக்குப் பொறகு பாப்போம்" என்றார் சதாசிவம்.

கிளையண்ட் பழக்கம் எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வாரக் கடைசி வேலைநாள் மதியம் ஆண்கள் நான்கு பேர் வங்கிக்காரர்களோடும் தோட்டக் கம்பெனி மேனேஜர்களோடும் மீன்தலைக் கறி சாப்பிடப் போவார்கள். போன வருஷம் வரை அது வியாழக்கிழமை. மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியதும் வெள்ளிக்கிழமை ஆனது. நாள்தான் மாறியது, மேசையில் உட்காருகிற ஆட்கள் மாறவில்லை. புது வேலைகள் அங்கேதான் பங்கு பிரியும். வாசுகி அந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு காஹாங் பக்கம் போவாள். நில மாற்றுப் படிவத்தில் போடும் கையெழுத்துக்கு வழக்கறிஞர் ஒருவர் நேரில் சாட்சி நிற்க வேண்டும். படியேறி வர முடியாத கிழவர்கள் வீடுகளுக்கு யாராவது போகத்தானே வேண்டும்.

ரேமண்ட் விவகாரத்துக்குப் பிறகு அவள் மேசை இழுப்பறைக்குப் பூட்டு வந்தது. கிளையண்ட் நம்பர்களை அலுவலகக் கணினியில் ஏற்றுவதில்லை. சாப்பிடப் போகும் முன் மேசையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வாள், யாராவது நகர்த்தினால் தெரியவேண்டும் என்று. அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எல்லோரையும்விட அவள் அதிகம் சந்தேகப்பட்டது அலுவலக மேனேஜர் டொரத்தியை. ஐம்பத்தொன்பது வயது, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், முன் மேசையில் உட்காருகிறவர். அவர் கையில் எப்போதும் அட்டையில் 555 என்று அச்சிட்ட குட்டி நோட்டு ஒன்று இருக்கும், சட்டைப்பையில் அடங்குகிற அளவு. வாசுகி மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் டொரத்தி கடிகாரத்தைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். பதினாறு வருஷமாக இந்த வேடிக்கை நடக்கிறது. முதலாளியின் கண்ணும் காதும் அந்த நோட்டுதான் என்று வாசுகி முடிவு கட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவன் குணாளனுக்குப் போன் போட்டாள்.

"கையெழுத்துப் போட வேண்டியதுதானே? இத்தன வருஷமா இதத்தான கேட்ட?" என்றான் அவன்.

"ஏன் இப்போ குடுக்குறாங்க? அத சொல்லுங்க."

"நல்லா வேல செய்யுற, அதான்."

"போன வருஷமும்தான் நல்லா செஞ்சேன். பார்ட்னர்னா யார் தப்பு பண்ணாலும் எல்லார் தலையும் உருளும். யாரோ என்னமோ பண்ணி வச்சிருக்காங்க, என்ன மாட்டி விடப் பாக்குறாங்க."

"அலமாக், ஒனக்கு லாட்டரி விழுந்தாலும் சீட்டு போலியான்னுதான் பாப்ப" என்று சொல்லி அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடை கிடைத்தது, அல்லது கிடைத்துவிட்டதாக நினைத்தாள். நகல் எடுக்கும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினால் கண்ணாடிமேல் யாரோ மறந்துவிட்ட தாள் ஒன்று. ஒரு பெரிய தோட்டக் கம்பெனி அடுத்த மூன்று வருஷத்துக்கு வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்க அனுப்பியிருந்த படிவம் அது. ஒன்பதாவது கேள்வி: உங்கள் நிறுவனத்தில் பெண் பார்ட்னர்கள் எத்தனை பேர்? கட்டத்துக்குள் சதாசிவத்தின் கையெழுத்தில் ஒரு சைபர். சைபரை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒன்று.

அந்த ஒன்று தான்தான் என்று புரிந்தபோது அவளுக்குக் காது சூடானது. பதினாறு வருஷ உழைப்புக்கு இல்லாத பதவி, ஒரு கட்டத்தை நிரப்ப வந்திருக்கிறது. படிவத்தின் தேதியைப் பார்த்தாள். போன புதன்கிழமை. போன புதன்கிழமைதான் டொரத்தி சதாசிவத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தார். வாசுகி நேரம் பார்த்து வைத்திருந்தாள், அவளிடமும் ஒரு கடிகாரம் இருக்கிறதே. இப்போது கணக்குச் சரியாக வந்தது. பெயருக்கு ஒரு பதவி கொடுப்பது, வாய் திறந்தால் நோட்டைக் காட்டி அடக்குவது. இதுதான் திட்டம்.

வியாழக்கிழமை ராஜினாமாக் கடிதத்தைத் தட்டெழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதில் வேறு வேலை தேடுவது விளையாட்டில்லை என்று தெரியும். ஆனாலும் கட்டத்துக்குள் போய் உட்காருவதற்கு அவள் தயாராக இல்லை. போவதற்கு முன்னால் அந்த நோட்டை மட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் மீன்தலைக்குப் போய்விட்டார்கள். டொரத்தி பின்னறையில் கடையிலிருந்து வாங்கி வந்த தாபாவ் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசுகி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"டொரத்தி அக்கா, அந்த நோட்ட குடுங்க."

"எந்த நோட்டு?"

"பதினாறு வருஷமா என்னப் பத்தி எழுதுறீங்களே, அது."

டொரத்தி கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்ணா இருந்தா குடுத்துருவேன் மேடம். முப்பத்தொண்ணு இருக்கு. எது வேணும்?"

எழுந்து போய்ப் பாத்திர அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே 555 நோட்டுகள், வருஷவாரியாக ரப்பர் போட்டு. வாசுகி மேலே இருந்த பழைய நோட்டைப் பிரித்தாள். எல்லாம் தமிழில், பெயர்களுக்கு முதல் எழுத்து மட்டும் போட்டு எழுதியிருந்தது. 'வா. மாலை 5.10. பாஸ் கேட்டார், சொன்னேன்.' 'வா. 5.05. சொன்னேன்.' பக்கம் பக்கமாக அதேதான்.

"நான் சந்தேகப்பட்டது சரிதான்" என்றாள் வாசுகி.

"சரிதான். நா இல்லன்னு சொல்லல. எழுதச் சொன்னாரு, எழுதுனேன். ரேமண்ட ஏத்துன வருஷத்து நோட்ட எடுங்க."

எடுத்தாள். 'பாஸ் இப்போது கேட்பதில்லை. நானே எழுதுகிறேன்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே: 'காஹாங். 14 கையெழுத்து, வீடு வீடாக. வா. தனியாக. மழை. ரே. சாப்பாட்டில்.' 'பேங்கிலிருந்து பாராட்டு, ரே. பெயருக்கு. பத்திரம் எழுதியது வா.' 'கிளையண்ட் வா.வைக் கேட்டு வந்தார். பாஸ் ரே.யிடம் அனுப்பினார்.' நோட்டு நோட்டாக இப்படியே போனது. அவளே மறந்துபோன வீடுகள், மறந்துபோன மழைகள்.

"பாஸுக்கும் ரேமண்டுக்கும் தமிழ் படிக்க வராது. அதனாலதான் தைரியமா மேசைமேலயே போட்டு வச்சிருந்தேன்" என்றார் டொரத்தி. "போன வாரம் புதன்கெழம அந்த ஃபாரத்துல சைபர் போட்டு, நகல் எடுக்கச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு. நா எடுக்கல. டின்ன தூக்கிட்டு உள்ள போயி, நானே வாசிச்சுக் காட்டுனேன். நாப்பது நிமிஷம். ரெண்டு தடவ தண்ணி குடிச்சாரு. அப்புறம் சைபர அடிச்சாரு."

"அப்போ ஃபாரத்துக்காகத்தானே?"

"ஃபாரத்துக்காகத்தான். மனசு மாறிட்டாருன்னு நெனைக்காதீங்க. ஆனா மேடம், அவருக்கு நம்ம தேவைப்பட்ட நாளு அது ஒண்ணுதான். வேற எந்த நாளு போயிக் கேக்குறது?"

வாசுகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் இந்த அம்மாவுக்கு ஒரு தீபாவளிப் பலகாரம்கூட அவள் கொடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். டொரத்தி கையைக் காட்டி நிறுத்தினார். கவுன் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"இது இந்த வருஷத்து நோட்டு. இதையும் படிங்க. இத பாஸ்கிட்ட படிக்கல."

அதில் வா. மட்டும் இல்லை, லோ.வும் இருந்தாள். லோஷினி, இருபத்தேழு வயசு, அலுவலகத்துக்கு வந்து மூன்று வருஷமான வழக்கறிஞர். 'லோ. காஹாங் வேலைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வா. வேண்டாம் என்றார்.' 'கிளையண்ட் லோ.வைக் கேட்டார். வா. தானே போனார்.' 'லோ. எழுதிய பத்திரம். வா. பெயரில் போனது.' கடைசியாக, போன வாரம்: 'பெக்கான் நானாஸ் ஃபைலை லோ. கேட்டார். வா. சொன்னது: கல்யாணம் வச்சிருக்கிற நேரத்துல எதுக்கு இந்த அலைச்சல்? பொறகு பாப்போம்.'

வாசுகி அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்தவைதான். சொன்ன இடமும் நேரமும் நினைவு இருந்தது. சொல்லும்போது தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும் நினைவு வந்தது.

"நா அவ நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"பாஸும் அதத்தான் சொன்னாரு" என்றார் டொரத்தி. குரலில் கோபம் இல்லை. பொட்டலத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். "அடுத்த மாசம் நா ரிட்டையர் ஆவுறேன். அதுக்கப்புறம் இங்க யாரும் எழுத மாட்டாங்க."

அறைக்குத் திரும்பிய வாசுகி இழுப்பறைப் பூட்டைப் பார்த்தாள். லோஷினியை ஏன் எங்கேயும் அழைத்துப் போகவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கற்றுக்கொடுத்தால் இன்னொரு ரேமண்ட் ஆகிவிடுவாள் என்ற பயம். பூட்டிய இழுப்பறைக்குள் அவள் ஃபைல்களை மட்டும் வைத்திருக்கவில்லை, அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தையும் சேர்த்தே வைத்திருந்தாள். அது அவளுக்கு வலித்தது, ரேமண்ட் பார்ட்னரான நாளைவிட அதிகமாக வலித்தது.

நாலரை மணிக்கு ராஜினாமாக் கடிதத்தைத் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டாள். சதாசிவத்தின் கடிதத்தை எடுத்தாள். எதற்காகக் கொடுத்தார் என்று தெரியும், அதனால் இனி ஏமாற ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டு டொரத்தியின் மேசையில் வைத்தாள். டொரத்தி கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார்.

பிறகு சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து பெக்கான் நானாஸ் ஃபைலை வெளியே எடுத்தாள். அந்த ஊரில் இருக்கும் ஒரு அன்னாசித் தோட்டத்தை ஐந்து உடன்பிறப்புகள் பிரித்துக்கொள்ளும் வேலை, நல்ல வேலை. எடுத்த கை கொஞ்சம் தயங்கியது. அதைப் பொருட்படுத்தாமல் கடைசி மேசைக்கு நடந்தாள்.

"லோஷினி, செவ்வாக்கெழம பெக்கான் நானாஸுக்கு நீ போ. ஃபைல் இனிமே ஒன்னோடது. அடுத்த வெள்ளிக்கெழம சாப்பாட்டுக்கு நானும் போறேன், நீயும் வா."

லோஷினி எழுந்து நின்று ஃபைலை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. ஃபைலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அட்டையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசித் தாள்வரை போய்விட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏன் மேடம் இப்போ குடுக்குறீங்க?" என்று கேட்டாள்.